காகிதம் தீர்ந்த காலை

அத்தியாயம் 9

முன்னறைச் சாவி எட்டு மாதமாக எங்கே இருந்தது என்பது போன வாரம்தான் வெளியே வந்தது. அம்மாவின் தலையணை உறைக்குள்.

அதைக் கேட்டு வாங்கிய மகளை வீட்டில் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த பெயர். அவர் நில அளவையாளர். "எவ்வளவு பெரிய நிலமா இருந்தாலும் ஒரு புள்ளியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்று மடியில் கிடந்த குழந்தையிடம் சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பெயரையே அது விழுங்கிவிட்டது. இப்போது அவளுக்கு இருபத்தாறு. ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறாள்.

அப்பா எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர். பாலத்து வளைவில் லாரி. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அன்று காலை அவருக்கும் அம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம். அதற்குப் பிறகு அவர் வேலை பார்த்த முன்னறையை அம்மா பூட்டியவள்தான், திறக்கவே இல்லை.

இன்று திறந்தாக வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு சித்தப்பா, கட்டட வரைபடம் வரையும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனைக் கூட்டி வருகிறார். கம்ப்யூட்டரையும் பிளாட்டரையும் அந்த டிராஃப்ட்ஸ்மேன் எடுத்துப் போகப் போகிறார். அதற்குள் போட்டோக்களையாவது காப்பாற்றி வைக்கலாம் என்று புள்ளி லீவு போட்டிருந்தாள்.

காலை ஏழரை. சாவியைப் பூட்டில் நுழைத்தாள். இன்னும் திருப்பவில்லை.

உள்ளேயிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து மெல்லிய காற்றாடிச் சத்தம்.

அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அம்மா... உள்ள யாரு?"

"தினமும்தான்."

"என்ன தினமும்?"

"ஏழரைக்கு அந்தச் சத்தம் வரும். சாயங்காலம் ஆறுக்கு நின்னுடும்." அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அவர் இருந்தப்பவும் அப்படித்தானே. காபி குடிச்சுட்டு ஏழரைக்குப் போய் உட்காருவார்."

"எட்டு மாசமாவா? ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ போய் நிறுத்திடுவே."

புள்ளி சாவியைத் திருப்பினாள். கதவைத் திறந்தாள்.

மூடிய அறையின் வாசனை. காகிதம், தூசி, கொஞ்சம் எலி. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி லேசாகத் திரும்பியிருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. உள் சுவரை ஒட்டி, ஒரு கட்டில் அகலத்துக்கு அந்த பிளாட்டர். வரைபடங்களைச் சுருள் காகிதத்தில் வரைந்து தள்ளும் பெரிய பிரின்டர். மேலே போர்த்திய துணியில் பல்லி எச்சம்.

மானிட்டரைப் போட்டதும் விஷயம் புரிந்தது. காலை ஏழரைக்குத் தானே விழித்துக்கொள்ள, மாலை ஆறுக்குத் தானே அணைந்துகொள்ள அப்பா அதில் நேரம் குறித்து வைத்திருக்கிறார். ஆள் போனது அதற்குத் தெரியாது. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல. டைம் வெச்சிருக்கார்ம்மா."

"பேய்னு நான் சொன்னேனா?" என்றாள் அம்மா. அறைக்குள் கால் வைக்காமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

போட்டோக்கள் பென் டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புள்ளி அதைக் கவனித்தாள். திரையின் மூலையில் குட்டியாக ஒரு பிரின்டர் படம். மேலே சிவப்புப் பெருக்கல் குறி. அமுக்கினாள்.

வரிசையில் ஒரே ஒரு வேலை காத்திருந்தது. ஒரு பக்கம். அனுப்பியவர், அப்பா. நேரம், காலை 7.52. தேதி, அந்தத் தேதி.

கோப்பின் பெயர்: வீடு கடைசி.

அதைத் திறந்து பார்க்க வழியில்லை. வரிசையில் பெயர் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. மூலக் கோப்பைத் தேடினாள். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பென் டிரைவிலிருந்து நேராக அனுப்பியிருக்கிறார். அவருடைய பென் டிரைவ் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். பாலத்து வளைவில் அது எங்கே போனதோ.

ஆக, அவர் கடைசியாகச் செய்த வேலை இந்த ஒரு வரிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அது வெளியே வர ஒரே வாசல் இந்த பிளாட்டர்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி ஆகிடுச்சு?"

புள்ளி சொன்னாள். கோப்பின் பெயரையும் சொன்னாள்.

அம்மா தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். பிறகு, "கடைசின்னா?" என்று கேட்டாள்.

"கடைசியாத் திருத்தினதுன்னு அர்த்தமா இருக்கும்மா. எல்லா வரைபடத்துக்கும் அப்படித்தான் பேர் வைப்பார்."

"இருக்கும்" என்றாள் அம்மா. குரலில் நம்பிக்கை இல்லை.

எட்டு மாதமாக அம்மாவின் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வியைப் புள்ளி அறிவாள். இருவருமே அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. கோபத்தில் வண்டியைத் தாறுமாறாக ஓட்டினாரா? இல்லை, வேண்டுமென்றேவா?

பிளாட்டரின் சுவிட்சைப் போட்டாள். அது உறுமி எழுந்து, உள்ளே எதையோ இடமும் வலமும் தள்ளிப் பார்த்து அடங்கியது. உயிர் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. 'அறியப்படாத சாதனம்' என்று மஞ்சள் முக்கோணம் காட்டியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பூட்டிய அறைக்குள் தினமும் விழித்த கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. இணையத்திலிருந்து தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் புதுப்பித்தலில் பிளாட்டரின் பழைய டிரைவர் செல்லாக்காசாகிவிட்டது. டிரைவர் என்கிற அந்தச் சின்ன மென்பொருள்தான் இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் ஒரே மேஜையருகே இரண்டும் ஊமையும் செவிடுமாக நின்றன.

பிளாட்டரின் நெற்றியில் இருந்த மாடல் பெயரை இணையத்தில் போட்டுத் தேடினாள். முதலில் வந்த தளம் உங்கள் கம்ப்யூட்டரில் நாற்பத்தொரு கோளாறு என்று பயமுறுத்தியது. இரண்டாவதில் எதைத் தொட்டாலும் வேறு ஏதோ இறங்கியது. கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடல் பட்டியலிலேயே இருந்தது, டிரைவரும் இருந்தது. ஆவலோடு இறக்கி ஓடவிட்டாள். 'இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது.' அதற்கு முந்தைய பதிப்பு. பொருந்தாது. அதற்கும் முந்தையது. பொருந்தாது.

மணி பன்னிரண்டரை. ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நெத்தியில ஒட்டியிருக்கிற பேரை நம்பி டிரைவர் தேடாதே" என்றார் சர்வீஸ் அக்கா. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். "பழைய மிஷின்ல உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டை மாத்தியிருப்பாங்க. வெளிய ஒரு பேர், உள்ள வேற ஆளு. அந்த மஞ்சள் முக்கோணத்தைத் திற. விவரம்னு ஒரு பகுதி இருக்கும். அதுல நீளமா ஒரு அடையாள எண் வரும். அந்த எண்ணைப் போட்டுத் தேடு. மிஷின் பொய் சொல்லாது."

"சரிக்கா."

"இன்னொண்ணு. வேகமா எதையும் பண்ணித் தொலைக்காதே. பிரின்டரை எடுத்துட்டு மறுபடி சேர்க்கவானு கேக்கும். சரின்னு குடுத்தே, வரிசையில நிக்கிற வேலை போயே போயிடும். டிரைவரை மட்டும் மாத்து. புரிஞ்சுதா?"

புரிந்தது. மவுஸ் மேலிருந்த விரலைப் புள்ளி உடனே எடுத்துவிட்டாள். பத்து நிமிஷம் முன்னால் அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்லப் போனவள்தான்.

எண்ணைப் போட்டதும் வேறு ஒரு மாடலின் பெயர் வந்தது. அப்பா எப்போதோ போர்டை மாற்றியிருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாடலைக் கம்பெனி கைகழுவிப் பல வருஷம் ஆகியிருந்தது. பழைய பொருட்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், அடியோ அடியில், ஒரு கோப்பு மிச்சமிருந்தது.

அது இறங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். சித்தப்பா. இரண்டு மணிக்கே வந்துவிட்டார்.

சித்தப்பா கட்டட கான்ட்ராக்டர். இந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அப்பா வெளியூரில் அளவை முகாமில் இருந்த மாதங்களில், அண்ணனுக்காக ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக் கட்டியதாக எல்லோரிடமும் சொல்லுவார். அப்பா போன பிறகு வாரம் தவறாமல் வந்து ரேஷனிலிருந்து கரன்ட் வரை பார்த்துக்கொள்கிறார். ஆனால் முன்னறைப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"இன்னும் ஒயரைக் கழட்டலையா? அந்த ஆளு நாலு மணிக்கு வண்டியோட வந்துடுவார்."

"ஒரு படம் பாக்கி இருக்கு சித்தப்பா. அப்பா அன்னிக்குக் காலையில அனுப்பினது."

"என்ன படம்?"

"தெரியலை. 'வீடு கடைசி'ன்னு பேர்."

சித்தப்பா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவர் கண் அந்த ஒரு வரியிலேயே நின்றது.

"யாரோ வாடிக்கைக்காரனோட வீடா இருக்கும். விடு. எதுக்கு வெந்த புண்ணை நோண்டிக்கிட்டு?"

"பத்து நிமிஷம்."

"சொன்னாக் கேளு, புள்ளி." அவர் குனிந்து பிளக் பாயின்ட் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பி, கையை எடுங்க."

அம்மா. காலையிலிருந்து நிலைப்படியைத் தாண்டாதவள் அறையின் நடுவில் நின்றிருந்தாள். சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார்.

கோப்பு இறங்கி முடிந்தது. வெளியிட்டவர் யார் என்று சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் நிறுவலாமா என்று திரை கேட்டது. புள்ளி 'ஆம்' அழுத்தினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதியில் நின்றது. திரும்ப நகர்ந்தது.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது.

பிளாட்டர் சட்டென்று விழித்தது. உள்ளே உருளை சுற்றியது. சுற்றிய உருளை நின்று, பிளாட்டரின் சின்னத் திரையில் எழுத்து வந்தது.

'காகிதம் இல்லை.'

புள்ளி மூடியைத் திறந்தாள். உள்ளே சுருள் இல்லை. பழுப்பு அட்டைக் குழல் மட்டும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மெல்ல மெல்ல ஏதோ கூடி வந்தது.

"அம்மா, அன்னிக்கு அப்பா எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"எட்டு. எட்டு அடிச்சு ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"7.52க்குப் படத்தை அனுப்பியிருக்கார். பேப்பர் இல்லைன்னு வந்திருக்கு. எட்டு மணிக்குத்தானே பேப்பர் கடை திறக்கும்?"

அம்மாவின் உதடு அசைந்தது. "எங்க போறீங்கன்னு கேட்டேன். பதில் சொல்லாமப் போனார். கோவத்துல போறார்னு நெனச்சேன். ஒரு வாரமா டேப்பைப் பிடிச்சுக்கிட்டு வீட்டையே சுத்திச் சுத்தி அளந்தார். சமையல்கட்டுல நிக்க விடலை, குளிக்கப் போக விடலை. பைத்தியம் பிடிச்சிருந்தா தனியா எங்கயாவது போய்ப் பிடிச்சுக்கோங்கன்னு கத்தினேன். அதுதான் நான் சொன்ன..."

முடிக்கவில்லை. விறுவிறுவென்று தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நீளமான ஓர் அட்டைப் பெட்டி. ஒரு முனை நசுங்கியிருந்தது. பிரிக்காத டேப்.

"போலீஸ் ஸ்டேஷன்ல ஹெல்மெட்டோட இதையும் குடுத்தாங்க. யாரோடயோ வரைபடம்னு நெனச்சு அப்படியே வெச்சுட்டேன்."

புள்ளி டேப்பைக் கிழித்தாள். புத்தம் புதுச் சுருள் காகிதம்.

பெட்டியின் நசுங்கிய முனையை அம்மா விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப வாங்கிட்டார்" என்றாள் கடைசியில். "வாங்கிட்டு, வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கார்."

வண்டி சுற்றிச் சுழன்று விழுந்ததால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல முடியவில்லை என்றுதான் போலீஸ் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி எட்டு மாதம் அம்மாவைத் தின்றிருந்தது. இப்போது அவள் அழவில்லை. பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் மேஜையில் சாய்ந்து நின்றாள்.

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

புள்ளி சுருளை மாட்டினாள். முனை நசுங்கிய இடத்தில் ஒரு முழம் வெட்டி எறிய வேண்டியிருந்தது. மூடியைச் சாத்தினாள்.

வரைய ஆரம்பித்தது.

பழைய மிஷின். இடமிருந்து வலம் ஓடும், மயிரிழை அளவு காகிதத்தைத் தள்ளும், வலமிருந்து இடம் ஓடும். முதலில் வெறும் விளிம்புக் கோடு. அப்புறம் தடித்த ஒரு வெளிச்சுவர். வாசல். வாசலுக்கு இடப்புறம் ஒரு ஜன்னல்.

"நம்ம வீடு" என்றாள் அம்மா.

அதே வீடுதான். கூடம், அம்மாவின் அறை, சமையலறை. ஒவ்வொரு சுவரின் மேலும் அடி, அங்குலம். மாடி கட்டுவதற்காக அளந்திருக்கிறார் என்று புள்ளி நினைத்தாள். ஆனால் மாடிக்கான கோடு எதுவும் வரவில்லை. உள் அளவுகளையெல்லாம் கூட்டி ஓரத்தில் எழுதியிருந்தார். வெளி அளவையும் எழுதியிருந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

காகிதம் நகர்ந்தது. முன்னறை வந்தது. அதற்குப் பின்னால் ஸ்டோர் ரூம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுவர்கள் விழுந்தன. நடுவே, சாய்கோடுகளால் நிரப்பிய ஒரு நீளப் பட்டை. அகலம் இரண்டே முக்கால் அடி. நீளம் பதினொன்று. கதவு இல்லை. ஜன்னல் இல்லை. உள்ளே அறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

புள்ளி நிமிர்ந்து பார்த்தாள். பிளாட்டர் ஒட்டி நின்ற சுவர் அது. அப்பா பதினெட்டு வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சுவர். கையெட்டும் தூரம். அவள் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வந்தாள்.

காகிதத்தின் கடைசிப் பகுதி வெளியே வந்தது. வலது மூலையில் கட்டத்துக்குள் தேதி. அதற்குக் கீழே, தனக்கே எழுதிக்கொண்ட மாதிரி, சின்ன எழுத்தில் இரண்டு வரி.

'தம்பியிடம் கேட்க வேண்டும்.
கோபப்படாமல்.'

பிளாட்டர் காகிதத்தை வெட்டிக் கீழே போட்டது.

அம்மா குனிந்து எடுத்தாள். மேஜை மேல் விரித்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்; டாக்டர் சீட்டுகளைப் படித்துப் படித்துப் பழகிய கண். ஒரு தடவைதான் பார்த்தாள்.

"தம்பி."

சித்தப்பா திரும்பவில்லை.

"அவர் கேக்க நெனச்சு, கேக்காமலே போயிட்டார். நான் கேக்கறேன். இந்தச் சுவத்துக்குள்ள என்ன இருக்கு?"

"அண்ணி..." சித்தப்பாவின் குரல் உடைந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். "கேக்காமப் போகலை. கேட்டார்."

"எப்போ?"

"அன்னிக்குக் காலையில. எட்டரைக்கு எனக்குப் போன் பண்ணினார். பின்னால வண்டிச் சத்தமெல்லாம் கேட்டுது. காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல போனைச் சொருகிக்கிட்டுப் பேசுவாரே, அப்படி. ஓரமா நிறுத்துங்கண்ணான்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. கத்தினேன். கட்டின எங்கிட்டயே கணக்குக் கேக்கறியான்னு கத்தினேன். கத்திக்கிட்டே இருக்கறப்ப அந்தப் பக்கம்..."

கம்பியை விட்டுவிட்டு, அப்பாவின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போன் சுக்குநூறாயிடுச்சுன்னு போலீஸ்ல சொன்னாங்க. நான் பேசினது இனி யாருக்கும் தெரியாதுன்னு எனக்கு ஒரு நிம்மதி வந்துது அண்ணி. சத்தியமா வந்துது. அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்காகத்தான் எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை."

புள்ளிக்கு ஏதாவது சொல்ல வேண்டும், கத்த வேண்டும் என்று வந்தது. அம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க, தம்பி. அவர் கோவமா கேட்டாரா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று பல தடவை ஆட்டினார்.

"சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். 'என்னடா, எனக்குத் தெரியாம ஒரு ரூம் கட்டி வெச்சிருக்கே, வாடகைக்கு விடலாமா'ன்னு. 'இரு, வீட்டுக்குப் போய் அவகிட்டயும் காட்டறேன், என்னைப் பைத்தியம்கிறா'ன்னு..."

அம்மாவின் முகம் முதல் தடவையாகக் கலங்கியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. அவர் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

சித்தப்பா எழுந்தார். ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடியவர் போல நடந்தார். பிளாட்டரைத் தோளால் ஒரு பக்கம் தள்ளினார். புள்ளி மறுபக்கம் பிடித்தாள். ஏன் பிடிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சுவர் வெளிப்பட்டது. தூசி படாத வெள்ளை.

அவர் விரலை மடக்கி, இடது ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான சத்தம். கெட்டியான சத்தம். ஜன்னல் உயரத்தில் ஓரிடத்தில் சத்தம் மாறியது.

அங்கே உள்ளங்கையை வைத்து, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"இங்க உடைக்கணும்" என்றார். "மெதுவா உடைக்கச் சொல்லுங்க."